பொறுப்பேற்பவர் யார்? – நிதி நெருக்கடியும் ஆவணப்படமும்

(விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரைப்படம் என்றவுடன் பாட்டும் கதையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆவணப்படம் என்றால், பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகக் காட்டப்படும் ஒன்று என்றே பலரும் எண்ணுகின்றனர். அதிலும் வங்கி, கடன், பங்குச் சந்தை ஆகியவற்றைப் பற்றிய ஆவணப்படம் என்றால், அது கணக்காளர்களுக்கும் பொருளியல் மாணவர்களுக்கும் உரியது என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். பேரேடும் ஐந்தொகையும் அறிந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பலர் அமர்ந்திருக்கும் இந்த அவையில், அப்படங்கள் நம் அனைவருக்கும் உரியவை என்பதை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் தமிழ் இலக்கணத்திலிருந்து ஒரு சிறு செய்தி. ஒரு நாட்டின் பொருளாதாரம் வீழும்போது நாளேடுகள் எப்படி எழுதுகின்றன என்று பாருங்கள். சந்தை சரிந்தது, வங்கி கவிழ்ந்தது, மக்களின் சேமிப்பு கரைந்தது. இவை எல்லாம் தன்வினைகள். மழை பெய்தது, மரம் சாய்ந்தது என்பனபோல, எவரும் செய்யாமல் தாமாகவே நிகழ்ந்தவைபோல் ஒலிக்கின்றன. இதே சொற்களைப் பிறவினையாக மாற்றிப் பாருங்கள். சரித்தது யார்? கவிழ்த்தது யார்? கரைத்தது யார்? உடனே ஒரு மனிதரின் முகம் தேவைப்படுகிறது. தன்வினையில் சொல்லப்பட்ட ஒரு பேரழிவைப் பிறவினையாக மாற்றிக் கேட்பதே, நிதி நெருக்கடி பற்றிய நல்ல ஆவணப்படம் ஒன்றின் வேலை.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய நெருக்கடியை நீங்கள் அறிவீர்கள். அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்னும் பழம்பெரும் முதலீட்டு நிறுவனம் திவாலானதாக அறிவித்தது. மறுநாளே ஏ.ஐ.ஜி. என்னும் மாபெரும் காப்பீட்டு நிறுவனத்தை வீழாமல் தாங்குவதற்காக அமெரிக்க நடுவண் வங்கி 8,500 கோடி டாலர் கடன் அளிக்க முன்வந்தது. அக்டோபர் 3 அன்று, வங்கிகளைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வரை செலவிட வழிசெய்யும் சட்டம் கையொப்பமானது. வங்கிகள் பிழைத்தன. ஆனால் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அந்நாட்டில் 87 இலட்சம் வேலைகள் மறைந்துபோயின. தவணை கட்ட இயலாத இலட்சக்கணக்கான குடும்பங்கள் குடியிருந்த வீட்டைவிட்டு வெளியேறின.

இந்நிகழ்வைப் பற்றி 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘இன்சைட் ஜாப்’ என்னும் ஆவணப்படத்தையே இன்று முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் இருப்பவரே செய்யும் களவை ஆங்கிலத்தில் அத்தொடரால் குறிப்பர். இயக்கியவர் சார்லஸ் ஃபெர்குசன். இவர் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி அதை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றவர். அதன்பின் திரைத்துறைக்கு வந்து, ஈராக் போரைப் பற்றிய ஒரு படத்தை 2007இல் எடுத்தவர். ஆகவே கல்விக்கூடமும் வணிகமும் அவருக்குப் புதியவை அல்ல. நடிகர் மேட் டேமனின் குரலில் விரியும் இப்படம், 2011ஆம் ஆண்டு சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. விருதை ஏற்ற மேடையிலேயே இயக்குநர், நெருக்கடி நிகழ்ந்து மூன்று ஆண்டுகள் கழிந்தும் நிதித்துறைத் தலைவர்களுள் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அது தவறு என்றார்.

இப்படம் முதலில் தெளிவாக்குவது, கடன் கொடுக்கும் முறை எவ்வாறு மாறியது என்பதை. இதனை நம் வழக்கில் சொல்கிறேன். முன்பு ஒருவருக்கு வீட்டின்மேல் கடன் கொடுத்தவர், அக்கடனைத் தம் பேரேட்டிலேயே வைத்திருந்தார். அசலும் வட்டியும் திரும்பி வந்து கணக்கு நேராகும் நாள்வரை அவருக்கு அதில் அக்கறை உண்டு. எனவே வாங்குபவரின் வருவாய் என்ன, நாணயம் எப்படி என்று விசாரித்தே கொடுத்தார். புதிய முறையில், கடன் கொடுத்த நிறுவனம் அதை உடனே ஒரு முதலீட்டு வங்கிக்கு விற்றுவிடுகிறது. அவ்வங்கி ஆயிரக்கணக்கான வீட்டுக் கடன்களை ஒன்றாகத் திரட்டி, கூறுபோட்டு, பத்திரங்களாக்கி, உலகெங்கும் உள்ள முதலீட்டாளர்களுக்கு விற்கிறது. ஓய்வூதிய நிதிகளும் அவற்றை வாங்குகின்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒருவருக்குக் கட்டணம் கிடைக்கிறது. கடன் திரும்பி வருமா என்னும் கவலை மட்டும், வழியில் எவர் கையிலும் தங்காமல், கடைசியில் வாங்கியவரிடம் போய்ச் சேர்கிறது.

தொலைவில் இருக்கும் முதலீட்டாளர் எதை நம்பி வாங்கினார்? தரச்சான்றை நம்பி வாங்கினார். மூடிஸ், ஸ்டாண்டர்ட் அண்ட் பூவர்ஸ், ஃபிட்ச் ஆகிய நிறுவனங்கள் அப்பத்திரங்களுள் பலவற்றுக்கு மிக உயர்ந்த தரத்தை வழங்கின. அச்சான்றுக்குக் கட்டணம் செலுத்தியவர் பத்திரத்தை வாங்கியவர் அல்லர், விற்றவர். எடைக்கல்லைச் சரிபார்க்க வருபவருக்குக் கடைக்காரரே சம்பளம் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அந்நிறுவனங்களின் தலைவர்கள் அழைக்கப்பட்டபோது, தாங்கள் வழங்கிய தரங்கள் வெறும் கருத்துகளே என்று ஒருவர்பின் ஒருவராகக் கூறினர். இயக்குநர் இதற்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அவர்கள் அவ்வாறு சொல்லும் காட்சிகளை அடுத்தடுத்து வைக்கிறார். ஒரே சொல் மூன்று வாய்களிலிருந்து வரும்போது, காண்பவருக்கு மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவை இல்லாமல் போகிறது.

எச்சரித்தவர் எவரும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தனர். 1998இல், வழிப்பெறுதிகள் எனப்படும் ஒப்பந்தங்களைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று புரூக்ஸ்லி பார்ன் என்னும் பெண் அதிகாரி முயன்றார். அன்றைய பொருளாதாரப் பெருந்தலைகள் அவரைத் தடுத்தனர். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வொப்பந்தங்களைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே நிறுத்தும் சட்டமே வந்தது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜாக்சன் ஹோலில் நடந்த மாநாட்டில், அன்று பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ரகுராம் ராஜன் ஒரு கட்டுரை படித்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் நம் ரிசர்வ் வங்கியின் ஆளுநராகவும் விளங்கியவர் இவர். இன்றைய இலாபத்துக்கு இன்றே பெரும் ஊக்கத்தொகை கிடைக்கிறது. நாளைய நட்டத்துக்கு அதே மனிதர் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. இந்நிலையில் ஊழியர் பேராபத்தைத் தேடிச் செல்வதே இயல்பு என்பது அவர் வாதத்தின் சாரம். லாரன்ஸ் சம்மர்ஸ் உள்ளிட்டோர் அம்மேடையிலேயே அவரைக் கடுமையாக மறுத்தனர். மூன்று ஆண்டுகளில் அவர் அஞ்சியது நடந்தது. ராஜன் இப்படத்தில் தோன்றி, உரத்துப் பேசாமல், நடந்ததை நிதானமாக எடுத்துரைக்கிறார்.

இனி, இப்படத்தின் மிக வலிமையான பகுதிக்கு வருகிறேன். வங்கியாளர்களைக் குறை கூறுவது எளிது. ஃபெர்குசன் பேராசிரியர்களின் அறைக்குள்ளும் சென்றார். ஐஸ்லாந்து என்னும் சின்னஞ்சிறு தீவுநாட்டின் கதையிலிருந்தே படம் தொடங்குகிறது. மூன்று இலட்சத்துக்குச் சற்று மிகுந்த மக்களே வாழும் அந்நாட்டில், மூன்று வங்கிகள் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் பல மடங்கு கடன் வாங்கி வளர்ந்து, 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் வீழ்ந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அந்நாட்டின் நிதி நிலைமை உறுதியாக இருப்பதாக ஓர் அறிக்கை வெளியாகியிருந்தது. அதை எழுதிய இருவருள் ஒருவர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரெடரிக் மிஷ்கின். அதற்காக ஐஸ்லாந்து வணிகர் அவை அவருக்கு 1,24,000 டாலர் அளித்தது. படத்தில் இயக்குநர் அதைப் பற்றிக் கேட்கிறார். பிறகு, பேராசிரியரின் தன்விவரக் குறிப்பில் அவ்வறிக்கையின் தலைப்பில் இருந்த ‘உறுதிப்பாடு’ என்னும் சொல் ‘உறுதியின்மை’ என்று இடம்பெற்றிருப்பது ஏன் என்று கேட்கிறார். அச்சுப்பிழையாக இருக்கலாம் என்னும் விடை வருகிறது.

அதே பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளித் தலைவராக இருந்த கிளென் ஹப்பர்டிடம், எந்தெந்த நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கிக் கட்டணம் பெறுகிறீர்கள் என்று கேட்கப்படுகிறது. அவர் பொறுமை இழந்து, இன்னும் மூன்று நிமிடம்தான் தருவேன் என்கிறார். இக்காட்சிகளில் சிறப்பு ஒளியோ இசையோ இல்லை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மனிதர், திரைக்கு வெளியிலிருந்து வரும் ஒரு குரல் ஆகியவை மட்டுமே. ஆயினும் அரங்கில் அமர்ந்திருப்பவர் தம் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுகின்றனர்.

இது எப்படி இயன்றது? இளைய நண்பர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கோபத்தினால் இயன்றதன்று, படிப்பினால் இயன்றது. எதிரில் அமர்ந்தவரின் கட்டுரைகள், அவர் அங்கம் வகித்த இயக்குநர் குழுக்கள், அவர் அளித்த சாட்சியங்கள் ஆகிய அனைத்தையும் படித்துவிட்டே கேள்வி கேட்பவர் வந்திருந்தார். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டு, விடை வரும்வரை காத்திருந்தார். உரையாட மறுத்தவர்களையும் அவர் விட்டுவிடவில்லை. ஆலன் கிரீன்ஸ்பேன், ஹென்றி பால்சன், திமோதி கெய்ட்னர் முதலியோர் இப்படத்துக்கு நேர்காணல் அளிக்க மறுத்தனர் என்னும் வரி, திரையில் எழுத்தாக வருகிறது. வராதவரின் நாற்காலியும் பேரேட்டில் ஒரு பதிவாகிவிடுகிறது.

பயன் ஏதும் விளைந்ததா? விளைந்தது, ஆனால் எதிர்பார்த்த திசையில் அன்று. அமெரிக்கப் பொருளியல் சங்கம், தன் ஆய்விதழ்களில் எழுதுவோர் தாம் பெறும் பணத்தொடர்புகளை வெளிப்படுத்த வேண்டும் என்னும் விதியை 2012இல் கொண்டுவந்தது. கொலம்பியா வணிகப் பள்ளியும் 2011இல் அத்தகைய விதியை வகுத்துக்கொண்டது. இப்படம் எழுப்பிய விவாதத்துக்கு அதில் பங்கு உண்டு. நீதிமன்றங்களில் நிலை வேறு. கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனம், தான் விற்ற ஒரு பத்திரம் தொடர்பான வழக்கில் 2010இல் 55 கோடி டாலர் கட்டித் தீர்த்துக்கொண்டது. அபராதத்தை நிறுவனம் கட்டுகிறது; நிறுவனத்தின் பணம் பங்குதாரருடையது; முடிவெடுத்தவர் பெற்ற ஊக்கத்தொகை அவரிடமே இருக்கிறது. பிறவினைக் கேள்விக்கு நிறுவனத்தின் பெயரே விடையாக நின்றுவிடுகிறது. மனிதரின் பெயர் வரவில்லை.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் இன்னொரு படத்தையும் கூற வேண்டும். 2016இல் ஸ்டீவ் ஜேம்ஸ் இயக்கிய ‘அபாகஸ்’ என்னும் படம் அது. நியூயார்க்கின் சீனர் குடியிருப்பில், சீனாவிலிருந்து குடியேறிய குடும்பத்தவர் 1984இல் தொடங்கிய சிறு வங்கி அபாகஸ். கடன் பிரிவில் ஓர் ஊழியர் செய்த முறைகேட்டை 2009இல் வங்கியே கண்டுபிடித்து, அவரை விலக்கி, கண்காணிப்பு அதிகாரிகளுக்கும் தெரிவித்தது. ஆயினும் 2012இல் வங்கியின் மீதே குற்றவழக்கு தொடரப்பட்டது. அதன் ஊழியர்கள் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டு, செய்தியாளர்களின் ஒளிப்படக் கருவிகளுக்கு முன்னே நடத்திச் செல்லப்பட்டனர். நெருக்கடிக்குப்பின் வீட்டுக் கடன் மோசடிக்காகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரே அமெரிக்க வங்கி இதுவே. 2015 ஜூனில் நடுவர் குழு அனைத்துக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் வங்கியை விடுவித்தது.

பெரிய வங்கிகள் வீழ்ந்தால் நாடே வீழும் என்று அஞ்சிய அரசு, சிறியதன்மீது கை வைப்பதில் தயங்கவில்லை என்பதை இப்படம் உணர்த்துகிறது. அதேவேளை இயக்குநர், வழக்கைத் தொடர்ந்த அரசு வழக்கறிஞரையும் நேர்காணல் செய்து, அவர் தரப்பைச் சொல்ல இடமளிக்கிறார். நடுவர் குழுவில் இருந்தவர்களையும் பேசவைக்கிறார். பொறுப்பைக் கேட்பது என்றால், யாரையாவது ஒருவரைப் பிடித்துத் தண்டிப்பது என்று பொருள் கொள்ளலாகாது. தவறு செய்தவரைக் கேட்பது நீதி. கைக்கு எட்டியவரைக் கேட்பது நீதியாகாது. நிதி நெருக்கடிக்குப்பின் மக்களிடம் எழும் சினத்தை ஆள்வோர் எளிதில் இரண்டாவது வழிக்குத் திருப்பிவிட முடியும் என்பதால், இவ்விரண்டு படங்களையும் சேர்த்தே காண வேண்டும் என்பது என் எண்ணம்.

ஐஸ்லாந்து என்ன செய்தது என்பதையும் கேளுங்கள். அந்நாட்டு நாடாளுமன்றம் ஓர் உண்மையறியும் ஆணையத்தை அமைத்தது. 2010 ஏப்ரலில் அதன் அறிக்கை ஒன்பது தொகுதிகளாக, இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் வெளிவந்தது. அதைத் தலைநகர் ரெய்க்யவிக்கின் நகர நாடக அரங்கில் நடிகர்கள் இரவு பகலாக, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உரக்கப் படித்தனர். ஒரு சிற்றூரில் காவல் அதிகாரியாக இருந்த ஓலாஃபர் ஹௌக்சன், தனிக் குற்றவழக்கு அதிகாரியாக அமர்த்தப்பட்டார். பின்வந்த ஆண்டுகளில் வங்கித் தலைவர்கள் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்டோர் அங்கே தண்டனை பெற்றனர். சிறிய நாடு, சிறிய வங்கிகள், ஆகவே எளிது என்று சிலர் கூறுவர். ஒருவரையொருவர் அறிந்த சிறிய நாட்டில் அண்டை வீட்டாரைக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு கடினம் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆவணப்படத்துக்கும் எல்லை உண்டு. அது நீதிமன்றமன்று. இரண்டு மணிநேரம் பேசியவரின் இரண்டு நிமிடப் பேச்சே திரைக்கு வருகிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவெடுப்பவர் இயக்குநர். குறுக்கு விசாரணை செய்ய எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கே இல்லை. எனவே பிறரிடம் கணக்குக் கேட்பவர், தம் கணக்கையும் திறந்து வைத்திருக்க வேண்டும். எந்த ஆவணத்தைக் காட்டுகிறார், யார் பணத்தில் படம் எடுத்தார், மறுப்பவரின் சொல்லுக்கு இடம் கொடுத்தாரா என்று அவரையும் நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சினத்தைத் தூண்டிவிட்டுச் சான்று காட்டாத படம், தரம் பார்க்காமல் சான்று வழங்கிய நிறுவனத்தின் வேலையையே செய்கிறது.

இளைய தலைமுறையினருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் பலர் நாளை பட்டயக் கணக்காளர்களாக, வங்கி அதிகாரிகளாக, முதலீட்டு ஆலோசகர்களாக வரப்போகிறீர்கள். உங்கள் கையொப்பத்தை நம்பி, உங்களை ஒருநாளும் பார்த்திராத ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பை ஓரிடத்தில் போடுவார். இப்படங்களைக் காணும்போது நிமிர்ந்து நிற்கும் கேள்வியாளரின் இடத்தில் உங்களை வைத்துப் பார்ப்பது இயல்பு. ஒரு முறையேனும் எதிர் நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். இச்சான்றுக்கு எனக்குப் பணம் தந்தவர் யார்? இது பொய்த்தால் இழப்பவர் யார்? நான் இழப்பது என்ன? இம்மூன்று கேள்விகளையும் வேறொருவர் ஒளிப்படக் கருவியுடன் வந்து கேட்பதற்கு முன், கையொப்பமிடும் நாளிலேயே நீங்கள் கேட்டுக்கொண்டால், அந்தப் பத்திரத்தை நம்பிய முதியவர் ஒருவர் தம் வீட்டிலேயே நிம்மதியாக உறங்குவார்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விழாக்காலங்களில் நம் மன்றங்களில் பல நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை இத்தகைய ஆவணப்படம் ஒன்றைத் திரையிட்டு, அதன்பின் ஒரு மணிநேரம் பெரியோரும் இளையோரும் ஒன்றாக அமர்ந்து கலந்துரையாட ஏற்பாடு செய்யுங்கள். கடனும் வட்டியும் பற்றி நெடுங்கால அனுபவம் உடைய மூத்தோர் சொல்லக்கூடியவை, எந்தப் படத்திலும் இல்லாதவை. அவற்றை இளையோர் கேட்டுக்கொள்ள அது ஒரு வாய்ப்பாக அமையும்.